‘உண்மையான காஃப்மன் எங்கே?’ என்று கேட்பவர்களுக்கு

மிலோஷ் ஃபோர்மன் இயக்கிய ‘மேன் ஆன் தி மூன்’ 1999 டிசம்பரில் வெளிவந்த நாள் முதல் அதன்மேல் ஒரே குற்றச்சாட்டு திரும்பத் திரும்ப வைக்கப்படுகிறது. நகைச்சுவைக் கலைஞர் ஆண்டி காஃப்மனின் வாழ்க்கையைச் சொல்ல வந்த படம். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்த பிறகும் காஃப்மன் யார் என்று தெரியவில்லை. ஆகவே படம் தோல்வி. படத்தைக் கிழித்துப் போட்டவர்கள் மட்டும் இப்படிச் சொல்லவில்லை. காஃப்மனாக வந்த ஜிம் கேரியின் நடிப்பை வாயாரப் புகழ்ந்தவர்களும் ஓர் ‘ஆனால்’ போட்டு இதையே சொன்னார்கள். கால் நூற்றாண்டு கழிந்தும், படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து விழும் வாக்கியம் இதுதான். யாரும் இதைச் சோதித்துப் பார்ப்பதில்லை. நான் இதை ஏற்கவில்லை. இந்த ஒரு படத்தைப் பொறுத்து மட்டும் அல்ல, ஒரு கலைஞரின் வாழ்க்கையை எப்படிப் பார்ப்பது என்ற விஷயத்திலேயே இந்தத் தீர்ப்பு நம்மைத் தவறான பக்கம் தள்ளிக்கொண்டு போகிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் அதன் முழு வலுவோடு வைத்துவிடுகிறேன்.

வாழ்க்கை வரலாற்றுப் படத்தின் கடமை, ஊரறிந்த முகத்துக்குப் பின்னால் இருக்கும் மனிதரைக் காட்டுவது. காஃப்மனின் நிகழ்ச்சிகள் ஏற்கெனவே பதிவாகி இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவற்றையே இன்னொரு நடிகரை வைத்து மறுபடி நடித்துக்காட்ட ஒரு பெரிய ஸ்டூடியோவும் பெரும் பணமும் எதற்கு? காஃப்மனின் கூட்டாளி பாப் ஸ்முடா தயாரிப்புக் குழுவிலேயே இருந்தார். மேலாளர் ஜார்ஜ் ஷபீரோவும் காதலி லின் மார்குலீஸும் உதவினார்கள். இத்தனை பேரைக் கையில் வைத்துக்கொண்டும் அவர் ஏன் அப்படி நடந்துகொண்டார் என்ற கேள்விக்குப் படம் பதில் சொல்லவில்லை. போதாக்குறைக்கு, உண்மையான நீ என்று ஒன்று கிடையாது என்று காதலி அவரிடம் சொல்வதுபோல ஒரு வசனத்தையும் வைத்துத் தப்பித்துக்கொள்கிறது. மேலோட்டமாக நின்றுவிட்டு, மேலோட்டம்தான் உண்மை என்று சாதிக்கிறது.

இது அற்ப வாதம் அல்ல. நல்ல ரசனை உள்ளவர்கள் வைக்கும் வாதம். அதனால்தான் வரிசையாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

1. உள்ளே ஒருவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்று எதை வைத்து முடிவு செய்தார்கள்?

‘உண்மையான காஃப்மன் எங்கே?’ என்ற கேள்வியிலேயே ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது. மேடையில் நின்றவர் பொய், வீட்டில் இருந்தவர் மெய். பொய்யை விலக்கினால் மெய் தெரியும் என்பது அந்த முடிவு. பெரும்பாலான கலைஞர்களுக்கு இது ஓரளவு பொருந்தலாம். மேடையில் சிரிக்கவைத்துவிட்டு வீட்டில் குடித்து அழுதவர்கள் உண்டு. ஆனால் காஃப்மனின் வாழ்க்கையில் மேடை எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது?

1978இல் தொடங்கிய ‘டாக்ஸி’ தொலைக்காட்சித் தொடரில் லாட்கா என்ற வேடத்தில் நடித்து நாடறிந்த நட்சத்திரமாக இருந்த அதே காலத்தில், லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு உணவகத்தில் மேஜை துடைத்து எச்சில் தட்டு எடுக்கும் வேலையும் பார்த்தார். அது நிகழ்ச்சியா, வாழ்க்கையா? டோனி கிளிஃப்டன் என்று ஒரு பாடகரை உருவாக்கினார். பெருத்த வயிறு, விக், கறுப்புக் கண்ணாடி, எதிரில் இருப்பவரை அவமானப்படுத்தும் வாய். கிளிஃப்டன் வேறு ஆள், தனக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்று கடைசிவரை சாதித்தார். ‘டாக்ஸி’ ஒப்பந்தத்தில் கிளிஃப்டனுக்கும் தனியாக வாய்ப்பு தரவேண்டும் என்று நிபந்தனை போட்டார். கிளிஃப்டன் படப்பிடிப்புத் தளத்துக்கு வந்து ரகளை செய்தபோது வேலையைவிட்டு நீக்கி வெளியே தள்ளினார்கள். நீக்கப்பட்டது கிளிஃப்டன், காஃப்மன் வழக்கம்போல வேலைக்கு வந்தார். பிறகு ஸ்முடாவும் கிளிஃப்டன் வேடம் போட ஆரம்பித்தார். மேக்கப்புக்குள் யார் என்று கண்டுபிடித்தவர்களுக்கும் அந்த நிம்மதி நிலைக்கவில்லை.

இப்படிப்பட்டவரிடம் போய், இதையெல்லாம் நீக்கிவிட்டு மிச்சத்தைக் காட்டு என்று கேட்டால், அவர் செய்த வேலை முழுவதையும் நீக்கச் சொல்கிறோம் என்று பொருள். மிஞ்சுவது ஒரு சாதாரண நடுத்தர வர்க்கத்து நியூயார்க் யூதக் குடும்பத்துப் பையன். கிரேட் நெக்கில் வளர்ந்து, தியானம் பழகி, இனிப்பு விரும்பிச் சாப்பிட்டவர். அது பொய்யில்லை. ஆனால் அதற்காக யாரும் அவர் வாழ்க்கையைப் படமாக எடுக்கப்போவதில்லை.

2. விளக்கம் கிடைத்திருந்தால் படம் மேம்பட்டிருக்குமா?

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு படம் கைவசம் இருக்கிறது. ரிச்சர்ட் அட்டன்பரோ 1992இல் எடுத்த ‘சாப்ளின்’. சாப்ளினாக ராபர்ட் டௌனி ஜூனியர் அற்புதமாக நடித்தார். அவருடைய சுயசரிதையின் பதிப்பாசிரியர் என்று ஒரு கற்பனைப் பாத்திரத்தை உருவாக்கி, ஆந்தனி ஹாப்கின்ஸை அதில் போட்டு, முதுமையடைந்த சாப்ளின் எதிரே உட்காரவைத்தார்கள். அவருடைய வேலையே கேள்வி கேட்பதுதான்: இதை ஏன் புத்தகத்தில் விட்டுவிட்டீர்கள், அப்போது என்ன உணர்ந்தீர்கள், இந்தப் பெண்ணை மறக்க முடியவில்லையா. ‘மேன் ஆன் தி மூன்’ செய்யத் தவறியதாகச் சொல்லப்படும் காரியத்தை அந்தப் படம் தனி ஆள் வைத்துச் செய்தது. பலன் என்ன? தாயின் மனநோய், இளமை வறுமை, கைகூடாத முதல் காதல் என்று காரணங்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. அந்த ஊன்றுகோல்காரன் ஏன் உலகத்தையே சிரிக்கவைத்தான் என்பது மட்டும் அந்தப் படத்தில் எங்கேயும் இல்லை. வறுமையில் வளர்ந்த, தாயை மனநல விடுதியில் விட்ட பிள்ளைகள் லண்டனில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் சாப்ளின் ஆனார். காரணம் என்று காட்டப்பட்டது எதையும் விளக்கவில்லை.

காஃப்மனுக்கும் அப்படி ஒரு காரணம் தயாராகவே இருந்தது. அவர் சின்னப் பையனாக இருந்தபோது உயிருக்கு உயிரான தாத்தா இறந்துபோனார். அதைச் சொல்ல மனமில்லாமல் தாத்தா ஊர் சுற்றப் போயிருக்கிறார் என்று வீட்டார் சொல்லிவைத்தார்கள் என்றும், பையன் ஜன்னலில் நின்று காத்திருந்தான் என்றும் அவருடைய வாழ்க்கை வரலாற்றில் எழுதப்பட்டிருக்கிறது. எந்தத் திரைக்கதை ஆசிரியரும் விடமாட்டார். ஜன்னலோரம் நிற்கும் பையனில் ஆரம்பித்து, மரணத்தையே நம்பாத ஒரு கலைஞனாக வளர்த்து, கடைசியில் அவர் மரணத்தையும் இன்னொரு நிகழ்ச்சி என்று எண்ணி ஊர் நம்பாததில் கொண்டுபோய் முடித்தால் அரங்கமே கண்ணீர் விடும். இளவயதில் அவருக்குப் பிறந்து தத்துக் கொடுக்கப்பட்ட மகளின் கதையும் இருந்தது. திரைக்கதை எழுதிய ஸ்காட் அலெக்ஸாண்டரும் லாரி கரஸெவ்ஸ்கியும் இரண்டையும் எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணில் படாமல் இருக்காது; வேண்டாம் என்று விட்டிருக்கிறார்கள். அந்த மறுப்பைச் சோம்பேறித்தனம் என்பது நியாயமில்லை. சோம்பேறிகள் முதலில் பாய்ந்து எடுப்பது இந்த மாதிரிக் கதைகளைத்தான்.

படம் எடுத்துக்கொண்ட பால்யக் காட்சி வேறு. பையன் தன் அறையில் சுவரைப் பார்த்து நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருக்கிறான். சுவருக்குள் கேமரா இருப்பதாக அவன் எண்ணம். அப்பா வந்து, பார்வையாளர் என்று உயிரோடு ஓர் ஆளாவது வேண்டும் என்று கண்டிக்கிறார். பையன் போய்த் தன் தங்கையை இழுத்துவந்து உட்காரவைத்து நிகழ்ச்சியைத் தொடர்கிறான். அவ்வளவுதான். காயம் இல்லை, கண்ணீர் இல்லை. பார்ப்பவருக்கு விருப்பம் இருக்கிறதா என்று கேட்காமலேயே அவரைத் தன் நிகழ்ச்சிக்குள் இழுத்துப் போடும் ஒருவர் எப்படி இயங்குவார் என்பது மட்டும் தெரிகிறது. எனக்கு இது தாத்தா கதையைவிட ஆயிரம் மடங்கு பெரிய தகவல்.

3. சாவியைக் கொடுத்துவிட்டால் அந்தக் கலையே இல்லாமல் போகும். அதை யோசித்தார்களா?

மேடை நகைச்சுவைக்கு எழுதாத ஓர் ஒப்பந்தம் உண்டு. சொல்பவர் விளையாடுகிறார் என்பது கேட்பவருக்குத் தெரியும். எவ்வளவு கடுமையாகப் பேசினாலும் கண் ஓரத்தில் ஒரு சின்ன அடையாளம் இருக்கும்: பயப்படாதே, இது வேடிக்கைதான். காஃப்மன் தன் வாழ்நாள் முழுக்க அந்த அடையாளத்தைக் காட்ட மறுத்தவர். அவருடைய மொத்தக் கண்டுபிடிப்பும் அந்த மறுப்புதான்.

1975 அக்டோபர் 11. ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியின் முதல் ஒளிபரப்பு. மேடையில் ஒரு ரெக்கார்டு பிளேயர். காஃப்மன் ஊசியை வைக்கிறார். ‘மைட்டி மவுஸ்’ கார்ட்டூனின் பாட்டு ஓடுகிறது. அவர் சும்மா நிற்கிறார். கண்கள் அங்குமிங்கும் அலைகின்றன; கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவர்போல நிற்கிறார். நாயகன் வந்து காப்பாற்றப்போவதாக அறிவிக்கும் அந்த ஒற்றை வரிக்கு மட்டும் கையை வீசி, நெஞ்சை நிமிர்த்தி, வாயசைக்கிறார். வரி முடிந்ததும் பழையபடி ஒடுங்கிவிடுகிறார். அடுத்த முறை அந்த வரி வரும்வரை காத்திருக்கிறார். நடுவில் தண்ணீர் குடிக்கிறார். ஒருமுறை அவசரப்பட்டு முன்னாலேயே வாயைத் திறந்துவிட்டு, தப்பு செய்த பிள்ளைபோலப் பின்வாங்குகிறார். சிரிப்பு வருவது அந்தக் காத்திருப்பில். இவர் நிஜமாகவே பயந்திருக்கிறாரா, நடிக்கிறாரா என்று தெரியாத அந்தச் சில விநாடிகளில்.

மேடைக்குப் பின்னால் அவர் நிதானமாகத் திட்டமிடுவதை முன்பே காட்டிவிட்டு இந்தக் காட்சிக்கு வந்தால் நமக்கு என்ன கிடைக்கும்? திறமை தெரியும், மூச்சு நிற்காது. கல்லூரி மாணவர்கள் லாட்காவைக் கேட்டுக் கூச்சல் போடும்போது ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலை எடுத்துவைத்து முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கியவர் அவர். ஏபிசி தொலைக்காட்சிக்குச் செய்துகொடுத்த சிறப்பு நிகழ்ச்சியில் படம் மேலும் கீழும் ஓடும்படி செய்ய நினைத்தவர். பார்ப்பவர்கள் தங்கள் டிவி கெட்டுவிட்டது என்று எழுந்துபோய்த் தட்ட வேண்டும். வீட்டில் உட்கார்ந்து தட்டியவருக்கு யாரும் அதை விளக்கப்போவதில்லை. அந்த விளக்கமின்மைதான் படைப்பு. அவரைப் பற்றிய படம் நம்மை முதல் நிமிஷத்திலேயே உள்ளே அழைத்துக் காபி கொடுத்து உட்காரவைக்க வேண்டும் என்பவர்கள், அவர் என்ன செய்தார் என்பதையே பார்க்காமல் இருக்கிறார்கள்.

ஃபோர்மன் பார்த்திருக்கிறார். படத்தின் தொடக்கமே சாட்சி. கறுப்பு வெள்ளையில் காஃப்மன் வந்து, இந்தப் படம் படுமோசம், என் வாழ்க்கையின் முக்கியச் சம்பவங்களை முன்னுக்குப் பின் மாற்றிவிட்டார்கள், அதனால் குப்பையை எல்லாம் நானே வெட்டிவிட்டேன், படம் முடிந்தது என்கிறார். ரெக்கார்டு ஓட, இறுதிப் பெயர்ப் பட்டியல் ஏறுகிறது. திரை இருள்கிறது. கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்து, தன்னைப் புரிந்துகொள்ளாதவர்கள் எழுந்து போகட்டும் என்றுதான் அப்படிச் செய்தேன் என்கிறார். காசு கொடுத்து வந்தவர்களை நிச்சயமில்லாத நிலையில் நிறுத்தித்தான் படம் கதைக்குள்ளேயே போகிறது. காஃப்மனைப் பற்றிப் பேசாமல், காஃப்மன் செய்ததை நமக்குச் செய்துகாட்டுகிறது.

4. காரணம் தெரிந்தால் மன்னிப்பும் கூடவே வந்துவிடும். அது யாருக்கு வேண்டும்?

காஃப்மனின் வாழ்க்கையில் அழகில்லாத பகுதி உண்டு. பெண்களோடு மல்யுத்தம் செய்தார். தன்னைக் கீழே சாய்க்கும் பெண்ணுக்கு 1,000 டாலர் என்று அறிவித்து, பெண்கள் சமையலறைக்குத்தான் லாயக்கு என்ற வகையில் வாய் கூசும் பேச்சுகளைப் பேசி, அரங்கத்தைக் கொந்தளிக்கவைத்து, மேடைக்கு வந்த பெண்களைக் கீழே தள்ளி அழுத்தினார். பிறகு டென்னிசி மாநிலம் மெம்ஃபிஸ் நகரத்துக்குப் போய், தெற்கத்திக்காரர்கள் சோப்பு போட்டுக் குளிப்பது எப்படி என்று வகுப்பெடுத்தார். 1982 ஏப்ரல் 5 அன்று அந்த ஊர் மல்யுத்த வீரர் ஜெர்ரி லாலர் அவரைத் தலைகீழாகத் தூக்கித் தரையில் குத்தினார். கழுத்துப் பட்டையோடு திரிந்த காஃப்மன், ஜூலையில் டேவிட் லெட்டர்மன் நிகழ்ச்சியில் லாலரிடம் கன்னத்தில் அறை வாங்கினார். அந்த ஆண்டு நவம்பரில் ‘சாட்டர்டே நைட் லைவ்’ தொலைபேசி வாக்கெடுப்பு நடத்தியது. காஃப்மனை நீக்கு என்று 1,95,544 பேரும், வைத்துக்கொள் என்று 1,69,186 பேரும் வாக்களித்தார்கள். அந்த மேடைக்கு அவர் திரும்பவே இல்லை.

இதை எப்படிப் பார்ப்பது? பெண் வெறுப்பைக் கேலி செய்தாரா, அந்த வெறுப்பையே மேடையேற்றிச் சுகம் கண்டாரா? எனக்கு அந்தக் காட்சிகளைப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. சங்கடமாகத்தான் இருக்க வேண்டும். இந்த இடத்தில் ‘மனிதரைக் காட்டு’ என்பவர்கள் கேட்டபடி ஒரு காரணத்தைச் சொருகினால், பள்ளியில் கிண்டலுக்கு ஆளானார் என்றோ, ஒரு பெண் அவரைக் கைவிட்டாள் என்றோ வைத்தால், பார்வையாளர் உடனே இளகிவிடுவார். பாவம், உள்ளுக்குள் அவ்வளவு வலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார். மேடையில் சிறுமைப்பட்ட பெண்களைப் பற்றி அதன் பிறகு யாரும் யோசிக்கப்போவதில்லை.

காரணம் சொல்லாத படம் செயலை மட்டும் நம்முன் போட்டுவிட்டுப் போகிறது. தீர்ப்பு நம் பொறுப்பு. வாழ்க்கை வரலாற்றுப் படங்கள் பெரிய மனிதர்களின் கொடுமைகளைக் கழுவிக் கொடுக்கும் துறையாகவே மாறிவிட்ட காலத்தில், இந்த நேர்மை சின்ன விஷயம் இல்லை.

5. அசல் பதிவு இருக்கும்போது நகல் எதற்கு என்கிறார்களே, அந்த அசலில் என்ன இருக்கிறது?

அசல் பதிவில் காஃப்மன் இருக்கிறார். அவருக்கு எதிரே இருந்தவர்கள் இல்லை. தொலைக்காட்சிக் கேமரா மேடையைப் பார்த்தது. அவரை வைத்துப் பிழைப்பு நடத்தவும், அவரை நேசிக்கவும், அவரை நம்பவும் வேண்டியிருந்தவர்களின் முகத்தைப் பார்க்கவில்லை. ஃபோர்மனின் படம் நடப்பது அந்த முகங்களில். டேனி டிவிட்டோ நடித்த ஷபீரோவைப் பாருங்கள். வேலையைக் கெடுத்துக்கொண்டே இருக்கும் ஒருவருக்காகத் தொலைக்காட்சி அதிகாரிகளிடம் போய்ச் சமாதானம் பேசி, திரும்பி வந்து அவரிடமே தோற்கும் ஒரு பொறுமைசாலி. காஃப்மன் யார் என்பதை அந்த மனிதரின் களைப்பில் படிக்கலாம்.

இது ஃபோர்மனுக்குப் பழகிய பாதை. ‘அமேடியஸ்’ படத்தில் மோட்ஸார்ட்டின் மேதைமைக்கு எந்தக் காரணமும் சொல்லாமல், அதைக் கேட்டுப் பொசுங்கும் சக இசையமைப்பாளர் சாலியெரியின் முகத்தைக் காட்டினார். ‘ஒன் ஃப்ளூ ஓவர் தி குக்கூஸ் நெஸ்ட்’ படத்தில் மக்மர்ஃபிக்குப் பைத்தியமா இல்லையா என்று முடிவு சொல்லவில்லை; அவன் வந்த பிறகு அந்த மனநல வார்டு என்ன ஆனது என்று காட்டினார். அந்த இரண்டுக்கும் ஆஸ்கர் கொடுத்துக் கொண்டாடிய அதே உலகம், அதே முறையைக் காஃப்மனிடம் கையாண்டபோது குறை என்றது.

இந்த முறை எங்கே உச்சம் தொடுகிறது என்றால், நோயில். தனக்குப் புற்றுநோய் என்று காஃப்மன் சொல்கிறார். ஒருவரும் நம்பவில்லை. புகை பிடிக்காத, தியானம் செய்கிற, முப்பத்து நான்கு வயதுக்காரருக்கு நுரையீரல் புற்றுநோயா? இது அடுத்த நிகழ்ச்சி என்று நினைக்கிறார்கள். சிரிப்பதா, அழுவதா என்று தெரியாமல் நெருங்கியவர்களே அவரைப் பார்க்கும் அந்தப் பார்வையை எந்த அசல் பதிவும் வைத்திருக்கவில்லை. அவருடைய கலை அவரிடமே கேட்ட விலை அது.

அதற்குப் பிறகு பிலிப்பைன்ஸ். கத்தியில்லாமல் வெறுங்கையால் உடம்பைத் திறந்து நோயை எடுப்பதாகச் சொல்லும் வைத்தியர்களைத் தேடிக் கடைசி நம்பிக்கையாக 1984இல் போகிறார். படத்தில் நோயாளிகள் வரிசையில் நிற்கிறார்கள். அவர் முறை வந்ததும் மேஜையில் படுக்கிறார். தலையைத் திருப்புகிறார். வைத்தியரின் விரல்களுக்கு இடையே ஒளித்துவைத்த பொருள் கண்ணில் படுகிறது. கைவித்தை. இரத்தமும் சதையும் அங்கேயிருந்துதான் வரப்போகின்றன. காஃப்மன் சிரிக்க ஆரம்பிக்கிறார். கேமரா அவர் முகத்தைப் பார்க்கிறது, வசனம் இல்லை. சாகப்போகிறவரின் பீதியா, ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரின் வேலையைக் கண்டுகொண்ட சிரிப்பா, ஊரை ஏமாற்றியவர் ஏமாந்த நிலையைத் தானே ரசிப்பதா? மூன்றும் அந்த முகத்தில் இருக்கின்றன. உள்மனதைத் திறந்து காட்டும் எந்த வசனத்தை அந்த இடத்தில் வைத்தாலும் மூன்றில் இரண்டு செத்துப்போகும்.

6. படத்தில் குறையே இல்லையா?

இருக்கிறது. விமர்சகர்கள் சொல்லும் இடத்தில் இல்லை; நேரெதிர் இடத்தில் இருக்கிறது. மறைத்த இடங்களில் படம் நிமிர்ந்து நிற்கிறது; விளக்கிய இடங்களில் குனிகிறது.

லாலரோடு நடந்த சண்டை முழுக்க நாடகம், இருவரும் உள்ளுக்குள் நண்பர்கள் என்பதைப் படம் கொஞ்ச நேரத்திலேயே நமக்குச் சொல்லிவிடுகிறது. நிஜத்தில் அந்த ரகசியம் காஃப்மன் இறந்த பிறகும் பல ஆண்டுகள் காக்கப்பட்டது. தன்னை வெறுத்த லட்சக்கணக்கானவர்களிடம் அது சும்மா விளையாட்டு என்று சொல்லித் தப்பிக்கும் வாய்ப்பு ஒவ்வொரு நாளும் இருந்தும் அவர் சொல்லவில்லை. வாக்கெடுப்பில் தோற்று வெளியேறியபோதும் சொல்லவில்லை. படம் நம்மை ஸ்முடாவின் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, பாருங்கள், எப்படி ஏமாற்றுகிறோம் என்கிறது. ஏமாறும் கூட்டத்தில் ஒருவராக இருக்கும் அனுபவத்தை நம்மிடமிருந்து பறித்துவிடுகிறது.

கார்னகி ஹால் நிகழ்ச்சி இன்னொன்று. நிஜத்தில் அது 1979 ஏப்ரலில், அவர் புகழின் உச்சியில், நோயின் நிழல்கூட இல்லாத காலத்தில் நடந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் பார்வையாளர்களைப் பேருந்துகளில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பாலும் பிஸ்கட்டும் கொடுத்தார். படம் அதைத் தூக்கி நோய்க்குப் பிறகு வைக்கிறது. தொடக்கக் காட்சியில் அதைச் சொல்லியும் வைக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் மாற்றத்தின் விளைவு மோசம். காரணமே இல்லாத ஒரு குதூகலம், சாகப்போகிறவர் உலகத்துக்குக் கொடுத்த பிரியாவிடை என்று அர்த்தம் பெற்றுவிடுகிறது. ஏன் பாலும் பிஸ்கட்டும் என்ற கேள்விக்கு 1979இல் பதில் இல்லை. படத்தில் பதில் வந்துவிட்டது. அந்தப் பதில் அவரைச் சின்னவராக்குகிறது.

உண்மையான நீ கிடையாது என்று காதலி சொல்லும் அந்த வசனத்தையும் இந்தப் பட்டியலிலேயே சேர்க்கிறேன். எதிர்த்தரப்பு அதைத் தப்பித்தல் என்கிறது. எனக்கு அதில் வேறு வருத்தம். அதுவும் ஒரு விளக்கம்தான். உள்ளே ஒன்றுமில்லை என்று அடித்துச் சொல்வது, உள்ளே ஒரு காயம் இருக்கிறது என்று சொல்வதற்கு எந்த வகையிலும் குறைந்த துணிச்சல் அல்ல. இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது. அந்த வசனத்தை எடுத்துவிட்டால் படத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மாறாக, தியானம் கற்றுக்கொடுத்த இயக்கம் அவருடைய மல்யுத்த அசிங்கத்தைக் காரணம் காட்டி விலக்கிவைக்கும் காட்சியில், காஃப்மன் அடிபட்ட பிள்ளைபோல நிற்கிறார். யாரும் எதுவும் முடிவு சொல்வதில்லை. இப்படித்தான் படம் முழுக்க இருந்திருக்க வேண்டும்.

ஆக, இந்தக் குறைகள் எல்லாம் எங்கிருந்து வந்தன? பார்வையாளருக்குப் புரியவேண்டும், மனசு நிறையவேண்டும், ஆளைத் தெரிந்துகொண்டோம் என்ற திருப்தி வேண்டும் என்ற அதே கோரிக்கையிலிருந்து. விமர்சகர்கள் போதவில்லை என்று புகார் சொல்லும் மருந்துதான் படத்தைக் கெடுத்த நஞ்சு.

7. கேரி செய்தது வெறும் மிமிக்ரியா?

மிமிக்ரி என்று ஒரு கூட்டம் சொல்கிறது. அதை மறுப்பதாக நினைத்துக்கொண்டு இன்னொரு கூட்டம், காஃப்மனின் ஆவியே கேரிக்குள் இறங்கியது என்கிறது. 2017இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘ஜிம் அண்ட் ஆண்டி’ ஆவணப்படம் இந்த இரண்டாவது கூட்டத்தைப் பெருக்கிவிட்டது. படப்பிடிப்பு நடந்த மாதங்கள் முழுக்கக் கேரி கேமராவுக்கு வெளியிலும் காஃப்மனாகவோ கிளிஃப்டனாகவோதான் இருந்தார். யார் கூப்பிட்டாலும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பினார். காஃப்மன் வந்து தன்னைத் தள்ளிவிட்டுத் தன் படத்தைத் தானே நடித்துக்கொடுத்தார் என்றே கேரி அதில் பேசுகிறார். அதைப் பார்த்தவர்கள், உண்மையான காஃப்மன் படத்தில் இல்லை, படப்பிடிப்புத் தளத்தில் இருந்தார், ஃபோர்மன் கோட்டைவிட்டார் என்று புது வாதம் கட்டுகிறார்கள். பழைய கோரிக்கை இடம் மாறி வந்திருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே இருப்பவரைக் காட்டு என்றவர்களுக்கு, உள்ளே போய்விட்டு வந்தேன் என்று ஒருவர் சொன்னதும் ஆறுதல் கிடைத்துவிட்டது.

ஆவணப்படத்தையே சாட்சிக்கு அழைக்கிறேன். ‘மேன் ஆன் தி மூன்’ படத்தில் ஜெர்ரி லாலர் தன் வேடத்தில் தானே நடித்தார். தளத்தில் கேரி, காஃப்மனாகவே இருந்துகொண்டு, கேமரா ஓடாத நேரத்திலும் லாலரைச் சீண்டினார், வம்புக்கு இழுத்தார், ஏசினார். காஃப்மன் என்றால் லாலரை வெறுப்பவர் அல்லவா? ஆனால் காஃப்மனை நேரில் அறிந்திருந்த லாலர் சொல்வது வேறு. வளையத்துக்கு வெளியே காஃப்மன் தன்னிடம் மிகுந்த மரியாதையோடு, பணிவாகப் பழகியவர் என்கிறார். ஊர் பார்க்கக் காட்டிய பகையை, உள்ளே இருந்த மனிதர் என்று நம்பி நடித்தவர் கேரி. ஃபோர்மனின் படத்திலோ, அவசரமாகச் சொல்லிவிட்ட குறை இருந்தாலும், தொலைக்காட்சியில் அடித்துக்கொண்ட இருவரும் கேமராவுக்குப் பின்னால் நண்பர்களாக உட்கார்ந்திருக்கிறார்கள். காஃப்மனுக்குள் புகுந்துவிட்டதாகச் சொன்ன நடிகர் தவறவிட்ட செய்தி, வெளியே நின்று பார்த்த படத்தில் சரியாக இருக்கிறது.